உடன்குடிப் பெயருக்கு ஒரு மரக்கணக்கு வேண்டும்

பங்குனி பிறந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டில் பனையேறிகளுக்கு ஓய்வு கிடையாது. விடிவதற்கு முன் ஒரு ஏற்றம், மாலையில் ஒரு ஏற்றம். பாளை சீவி, கலயம் கட்டி, சுண்ணாம்பு தடவி, இறக்கிய பதனீரைத் தலைச்சுமையாக விடிலிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஆடி கழியும்வரை இப்படித்தான். அதன்பின் மரம் ஓய்வெடுக்கும். விடிலியில் அடுப்பு அணையும்.

ஆனால் கடைத்தெருவில் அடுப்பு அணைவதே இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கூட, சென்னை முதல் கோவை வரை, ‘அசல் உடன்குடி கருப்பட்டி’ என்ற பலகை தொங்காத நாட்டு மருந்துக் கடை, இயற்கை அங்காடி, நெடுஞ்சாலை காபிக் கடை அரிது. கருப்பட்டியைப் பரணில் ஏற்றிப் பல மாதம் வைத்து விற்கலாம் என்பது உண்மைதான். என்றாலும் அத்தனை பலகைக்கும் போதுமான பனை உடன்குடிப் பக்கம் நிற்கிறதா என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஒருவரிடமும் கணக்கு இல்லை. இந்த வாரம் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான்.

ஊரின் பெயரே பொருளின் தரமாக நிற்பதற்கு உலகத்தில் முதலில் காட்டப்படும் உதாரணம் பிரான்சின் போர்தோ. அங்கே விளையும் சிவப்பு ஒயினைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. அதை விளைவிக்கும் விவசாயி தன் ஊர்ப் பெயரை எப்படிக் காசாக்கினான், அந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றிக்கொண்டான் என்பதில் நமக்கு வேலை இருக்கிறது.

போர்தோவில் ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் என்று ஒரு நிலப்பகுதி. ஒரு காலத்தில் அதில் பெரும்பகுதி சதுப்பு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வந்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். வடிந்த பின் மேட்டில் மிஞ்சியது கூழாங்கல்லும் மணலும். கோதுமைக்கு ஆகாத நிலம். ஆனால் திராட்சைக் கொடிக்கு அதுவே வாய்த்தது. தண்ணீர் நிற்காது, பகலில் கல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், கொடி வேரை ஆழத்துக்கு இறக்கித்தான் பிழைக்க வேண்டும். காய்ப்பு குறைவு, சாறு கெட்டி. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் அப்பகுதிச் சிவப்பு ஒயின்களை விலையை வைத்து 5 வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் லாஃபித், லாத்தூர், மார்கோ, ஒப்ரியோன் என நான்கே தோட்டங்கள். ஒப்ரியோன் மட்டும் மெதோக்குக்கு வெளியே, போர்தோ நகரை ஒட்டி இருப்பது. 1973-இல் மூத்தோன் என்ற தோட்டத்தை இரண்டாம் வகுப்பிலிருந்து முதலுக்கு ஏற்றினார்கள். 170 ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் நடந்த பெரிய மாற்றம் அவ்வளவுதான்.

இன்றைக்கும் விவரம் தெரிந்த ஒருவர் உங்களுக்கு நல்ல சிவப்பு ஒயின் சிபாரிசு செய்தால் கம்பெனி பெயரை மட்டும் சொல்லமாட்டார், ஊரைச் சொல்வார். கெட்டியாக, பல ஆண்டு தாங்குவது வேண்டுமா, பொய்யாக். மணம் முக்கியமா, மார்கோ. இளசாகவே குடிக்க இதமாக வேண்டுமா, ஆற்றின் வலது கரையில் மெர்லோ திராட்சை அதிகம் விளையும் பொமெரோல், சாந்த்-எமிலியோன். அங்கே பெரும் தோட்டம் வைத்திருப்பவனுக்கும் ஊர்ப் பெயர்தான் முதல் சொத்து. சிறிய விவசாயிக்கோ அது மட்டும்தான் சொத்து.

இப்போது நம் தேரிக்கு வருவோம். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் போனவர்களுக்கு அந்த நிறம் மறக்காது. இரும்புத் துரு படிந்த சிவந்த மணல் மேடு மேடாக. ஆடிக் காற்றில் இடம் பெயரும். நெல் வராது, பருத்தி வராது. பனை வரும். மணலுக்கு அடியில் கிடைக்கும் கொஞ்சம் ஈரத்தை வேரால் தேடிப் பிடித்து, கடற்காற்றையும் வெயிலையும் தாங்கி நிற்கும் மரம். அதன் பதனீரில் தண்ணீர் குறைவு, இனிப்புக் கூடுதல் என்று பனையேறிகள் தலைமுறையாகச் சொல்லி வந்ததைத்தான் ‘உடன்குடி பனங்கருப்பட்டி’ 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபோது சட்டமும் ஏற்றுக்கொண்டது. மெதோக்கின் கூழாங்கல்லும் குதிரைமொழியின் செம்மணலும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: வேறு எதற்கும் ஆகாத நிலம் ஒரே ஒரு பொருளை மட்டும் யாராலும் போலி செய்ய முடியாத சுவையில் தரும்.

யாராலும் முடியாது என்று எழுதிவிட்டோம். சீனியால் முடிகிறது. அதைப் பின்னால் பேசுவோம். முதலில் நல்ல கருப்பட்டி எது என்று சொல்லிவிடுவது முறை. ஏனென்றால் வாங்குபவருக்கே அது மறந்துகொண்டிருக்கிறது.

ஒயினும் கருப்பட்டியும் ஒரு விதத்தில் நேரெதிர். திராட்சைச் சாற்றைப் புளிக்க விட்டால் ஒயின். பனஞ்சாற்றைப் புளிக்க விடாமல் தடுத்தால் பதனீர், விட்டால் கள். தடுப்பது கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பின் அளவில்தான் முதல் தரம் இருக்கிறது. குறைந்தால் சாறு புளித்துப் பாகு பதம் வராது, கருப்பட்டி இளகும். கூடினால் நாக்கில் கரிக்கும், நிறம் கறுக்கும். மழை மேகம் கூடிய நாளுக்கு ஓர் அளவு, வறண்ட காற்று வீசும் நாளுக்கு ஓர் அளவு. அனுபவப்பட்ட பனையேறிக்கு இது விரல் நுனியில் இருக்கும். முதல் நாள் கலயத்தைக் கழுவிக் காயவைக்காமல் மறுபடி கட்டுகிறவர் எவ்வளவு சுண்ணாம்பு தடவியும் பயனில்லை.

இரண்டாவது தரம் விடிலியில். பதனீர் வந்த வேகத்தில் வடிகட்டி அடுப்பேற்ற வேண்டும். அநேகமாகப் பெண்கள்தான் அடுப்படியில். பனை மட்டையும் காய்ந்த ஓலையும் உடைமர விறகும் எரிய, பொங்கி வரும் நுரையை அடக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார்கள். சாறு வற்றிக் கூப்பனிப் பதம் தாண்டி, நூல் இழுக்கும் பாகாகி, துடுப்பால் கிண்டிக் கிண்டி, சரியான நொடியில் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். அரை நிமிடம் தவறினால் கருகல் வாடை. 8 முதல் 10 லிட்டர் பதனீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. இந்த விகிதத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பாதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

சரி, எதை வாங்கலாம்? எங்கள் சிபாரிசு இது. சமையலுக்கும் காபிக்கும் என்றால் சிரட்டை வடிவிலேயே இருக்கும் சாதாரணக் கருப்பட்டி, அதிலும் ஒரு மழைக்காலம் பரணில் இருந்து புகை பட்ட பழையது. புதியதைவிட ஈரம் குறைந்திருக்கும், சுவை ஆழமாக இருக்கும். வாயில் போட்டுக்கொள்ள என்றால் சில்லுக் கருப்பட்டி. சுக்கு, ஏலம் சேர்த்தது பிரசவித்த பெண்களுக்கும் சளிக்கும் தெற்கில் வழக்கம். குழந்தைகளுக்குப் பாலில் போடப் பனங்கற்கண்டு. ஆனால் பனங்கற்கண்டு செய்ய நாள் பிடிக்கும், ஆகவே விலை மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பருவத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை 8 மணிக்குள் ஒரு பட்டை பதனீர் குடிக்காமல் திரும்பக் கூடாது. நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தால் இன்னும் விசேஷம். வடக்கே வேம்பார் பக்கத்துக் கருப்பட்டிக்கும் நல்ல பெயர் உண்டு. அதை வேம்பார் என்றே கேட்டு வாங்குங்கள், உடன்குடி என்று சொல்லி விற்க விடாதீர்கள்.

உடைத்துப் பார்த்தால் உட்புறம் மங்கலாக, மண் நிறத்தில் இருக்க வேண்டும். சீனி மணி போலப் பளபளத்தால் யோசியுங்கள். நீரில் கரைத்தால் அடியில் மெல்லிய வண்டல் தங்குவது இயல்பு. இனிப்பு மட்டும் நாக்கில் அறைந்துவிட்டுப் போனால் சரியில்லை. நல்ல கருப்பட்டியில் இனிப்போடு ஒரு லேசான கரிப்பும் புகை மணமும் பின்னால் வரும். மழைக்காலத்தில் கசியாமல் கல்லாக நிற்கும் கருப்பட்டியைப் பார்த்து ‘நல்ல சரக்கு’ என்று மெச்சுகிற வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி: சுத்தமான கருப்பட்டி ஈரத்தை இழுக்கும், கொஞ்சம் கசியத்தான் செய்யும். இந்த அடையாளங்கள் எல்லாம் உதவும், ஆனால் முடிவானவை அல்ல. கை தேர்ந்த கலப்படக்காரர் இவற்றையும் தாண்டிவிடுவார்.

சீனி எப்படி உள்ளே வருகிறது? ஒரு கிலோ சீனியின் விலைக்கும் ஒரு கிலோ அசல் கருப்பட்டியின் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம். கொதிக்கும் பதனீரில் சீனியைக் கொட்டினால் எடை கூடும், பாகு சீக்கிரம் இறுகும், விறகு மிச்சம், பார்க்கப் பதமாகவும் இருக்கும். பதனீரே இல்லாமல் கழிவுப்பாகும் சீனியும் கொண்டு செய்கிற இடங்களும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்திச் சீனி மூட்டைகளைக் கைப்பற்றிய செய்திகள் இந்த மாவட்டத்திலிருந்து பலமுறை வந்திருக்கின்றன. ஒவ்வொரு செய்தியிலும் ஏதோ ஒரு விடிலியின் படம். அதைப் பார்க்கும்போது ஒரு சங்கடம். மரம் ஏறாத முதலாளி பலநேரம் படத்தில் வருவதில்லை. பருவத்துக்கு முன்பே பனையேறிக்கு முன்பணம் கொடுத்து, பருவத்தில் தான் சொன்ன விலைக்குச் சரக்கை எடுத்துக்கொள்ளும் வியாபாரியும், கிலோவுக்கு 20 ரூபாய் குறைவாகக் கிடைத்தால் ஊரைக் கேட்காமல் வாங்கும் நாமும் சேர்ந்துதான் அந்தச் சீனி மூட்டையை அவிழ்க்கிறோம்.

சோதனை தேவைதான். ஆனால் சோதனையால் மட்டும் இது தீராது என்பதற்கு மறுபடி பிரான்சைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த முறை போர்தோ அல்ல, அதற்குத் தென்கிழக்கே மத்தியதரைக் கடலோர லாங்டாக். ஏழைத் திராட்சை விவசாயிகளின் நாடு.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயின் தட்டுப்பட்டது. அந்த இடைவெளியில், பிழிந்த சக்கையில் சீனியும் நீரும் விட்டுப் புளிக்கவைத்த ஒயின் சந்தைக்குள் நுழைந்தது. தோட்டங்கள் மீண்டும் தழைத்த பிறகும் அந்தச் சரக்கு வெளியேறவில்லை. வெளியிலிருந்து வந்த மலிவு ஒயினும் உள்ளூரின் மிகை விளைச்சலும் அதோடு சேர, விலை பாதாளத்துக்குப் போனது. அசல் திராட்சை விளைவித்தவன் கடனாளி ஆனான். 1907 மார்ச் மாதத்தில் அர்ஜெலியே என்ற கிராமத்திலிருந்து மார்செலன் அல்பேர் என்ற காபிக் கடைக்காரர், அவரும் கொடி வளர்த்தவர்தான், 87 பேரோடு நடந்து நர்போன் போனார். ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். அதே மாதம் நர்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. 1907 ஜூன் 29-இல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொன்னது என்பதில்தான் நமக்குப் பாடம். தண்டனையைக் கூட்டுவதோடு அது நிற்கவில்லை. ஒவ்வொரு விவசாயியும் அறுவடை முடிந்ததும் தன்னிடம் எவ்வளவு பரப்பில் கொடி இருக்கிறது, இந்த ஆண்டு எவ்வளவு ஒயின் எடுத்தான், பழைய இருப்பு எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை, பெயரோடு, அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். ஒயினுக்குச் சேர்க்கும் சீனிக்குக் கூடுதல் வரி. பெருமளவில் சீனி விற்கும் வணிகரும் கணக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒயினைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்க்காமலே, வாசலில் ஒட்டிய தாளைப் பார்த்து, ‘இவன் தோட்டத்துக்கு இவ்வளவு வராதே’ என்று பக்கத்துத் தோட்டக்காரனே சொல்லிவிட முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கி, மோசடியைக் கண்டுபிடிக்கத் தங்கள் காசிலேயே ஆய்வாளர்களை வைத்தார்கள். ஊர்ப் பெயருக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு வந்தது அதற்கும் பிறகு, 1935-இல். கணக்கு முதலில் வந்தது. முத்திரை பிறகு வந்தது. நாம் முத்திரையை முதலில் வாங்கிவிட்டோம். கணக்கு இன்னும் வரவில்லை.

உடன்குடியில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஒரு பனையேறி பருவத்தில் 30 மரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு நாளொன்றுக்குச் சராசரி 2 லிட்டர் என்றால் 60 லிட்டர். பத்துக்கு ஒன்று என்றால் 6 கிலோ. 90 நாள் தொடர்ந்து ஏறினால் 540 கிலோ. மரத்துக்கு மரம், ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். அலகுப்பனை ஒரு மாதிரி, பருவப்பனை ஒரு மாதிரி. கோடை மழை பெய்தால் பல நாள் சாறு வீணாகும். 540 என்பது 450 ஆகலாம், நல்ல ஆண்டில் 800 ஆகலாம். 3,000 ஆகாது. ஒரு விடிலி 30 மரத்தைக் காட்டி 3 டன் விற்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசாயனப் பரிசோதனை தேவையில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

ஆகவே மரத்தை எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 5 கோடிப் பனை என்ற எண்ணை மேடைதோறும் கேட்கிறோம். உடன்குடிப் பகுதியில் பாளை சீவப்படும் மரம் எத்தனை என்பதே நமக்குத் தேவையான எண். அதை ஊர் ஊராக எண்ணிவிடலாம். பட்டா நிலத்து மரம் யாருடையது, குத்தகைக்கு யார் ஏறுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு 2சி பட்டா என்ற ஏற்பாடு கிராமக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மரத்தில் சுண்ணாம்பால் எண் எழுதுவதற்குப் பெரிய செலவில்லை. எழுதிய எண், ஏறுபவர் பெயர், நிலத்தின் சர்வே எண், இந்த மூன்றும் ஒரு நோட்டில் இருந்தால் போதும். பிறகு விருப்பப்பட்டால் கைபேசியில் ஏற்றிக்கொள்ளலாம். முதலிலேயே செயலி, கியூஆர் கோடு என்று தொடங்கினால் திட்டம் தொடக்க விழாவோடு நின்றுவிடும் என்பது நம் அனுபவம்.

அடுத்தது விடிலி நோட்டு. நாள், ஏறிய மரம், வந்த லிட்டர், எடுத்த கிலோ, யாருக்கு விற்றது. ஐந்தே பத்தி. அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு இன்று எத்தனை கலயம் வந்தது என்பது மனப்பாடம். எழுதச் சொன்னால் எழுதுவார்கள். எழுதினால் முன்பணம் கொடுத்தவரிடம் கணக்குக் கேட்கவும் அதே நோட்டு உதவும் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நாளும் விடாமல் எழுதுவார்கள். பருவ முடிவில் ஊர்வாரியாகப் பட்டியலிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவது கடைசிப் படி.

இதை ஏன் அரசு செய்யக்கூடாது என்று கேட்கலாம். அரசு சில நல்லவற்றைச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் கொடுக்க ரூ.3 கோடி ஒதுக்கினார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றார்கள். வரவேற்கத்தக்கதே. ஆனால் இன்று ஊன்றும் விதையில் கலயம் கட்ட 15 ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை நிற்கும் மரத்தில் ஏற ஆள் வேண்டும். நல்ல விலை கிடைக்காமல், தவறி விழுந்தால் குடும்பம் நடுத்தெரு என்ற நிலையில், எந்தத் தகப்பன் மகனுக்குத் தளைநாரை எடுத்துக் கொடுப்பான்? கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது. மரம் ஏற உதவும் கருவிகளும் வந்திருக்கின்றன. அவை ஏறும் ஆபத்தைக் குறைக்கலாம். ஏறுவதற்கான காரணத்தைத் தர முடியாது. விலைதான் அதைத் தரும். சீனி கலந்த சரக்கு பக்கத்திலேயே பாதி விலைக்கு உட்கார்ந்திருக்கும்வரை அந்த விலை வராது.

கள்ளுக்கு அனுமதி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் இருக்கிறது. அது தனி விவாதம். அதற்கு இன்னொரு வாரம் உண்டு. ஆனால் கள் வந்தாலும் அதிலும் ஊர்ப் பெயரும் கலப்படமும் வரத்தான் போகிறது, கணக்கு அப்போதும் தேவைப்படும்.

ஊர்ப் பெயருக்குப் போலி செய்வது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில், குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைப் பட்டியலிடும்போது, ஒயினில் இத்தாலி நாட்டுச் சரக்குக்குத்தான் முதலிடம் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வாங்குபவர் ஊரைக் கேட்டிருக்கிறார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ஒயின் ஜாடிகளில் கிரேக்கத் தீவான கோஸின் பாணியில் செய்தவை நிறைய. கோஸ் ஒயினுக்கு அத்தனை பெயர். அவற்றில் அந்தத் தீவிலேயே செய்தவையும் உண்டு. அதே இரட்டைக் கைப்பிடி வடிவத்தை அப்படியே பார்த்து வேறிடத்தில் செய்தவையும் உண்டு. கோஸ் ஒயினை இத்தாலியிலேயே செய்துகொள்வது எப்படி என்று ரோமானியர் கேட்டோ தன் வேளாண்மை நூலில் குறிப்பே எழுதியிருக்கிறார், கடல்நீர் சேர்க்கும் முறையோடு. இன்றைய ‘உடன்குடி’ பலகைக்கும் அந்த ஜாடிக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

அதே குறிப்பு கொற்கையையும் சொல்கிறது. பாண்டியர் ஆட்சியில் அங்கே தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று. அர்த்தசாஸ்திரம் முத்துகளை அவை கிடைக்கும் இடத்தின் பெயராலேயே வகைப்படுத்துகிறது; அதில் தாமிரபரணியின் பெயரும் இருக்கிறது. ‘கொற்கை முத்து’ என்றால் மேலே விளக்கம் வேண்டியிருக்கவில்லை. புவிசார் குறியீடு என்ற சொல் பிறப்பதற்கு முன் இந்த மாவட்டத்தில் பிறந்த குறியீடு அது. பிறகு தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் கொற்கையை விட்டுச் சில கிலோமீட்டர் விலகிப் போனது. தொழில் பழையகாயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-இல். இன்று கொற்கைக்குப் போனால் வாழையும் நெல்லும் குளமும் வன்னி மரமும் பார்க்கலாம். பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முத்து இல்லை.

கொற்கையிலிருந்து கொஞ்சதூரத்தில் ஆத்தூர். அதன் வெற்றிலைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடக்கே கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லேயே கிடைத்துவிட்டது. உடன்குடியையும் சேர்த்தால் ஒரே மாவட்டத்தில் மூன்று பெயர்கள். தேனியில் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் அதே 2023-இல் கிடைத்தது. ஒயினுக்கும் போகிற திராட்சை அது, அந்த விவசாயிகளும் இந்த மரக்கணக்கைக் கொடிக்கணக்காக மாற்றி யோசிக்கலாம். கொடிக்கால் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்: வெற்றிலையில் சீனி கலக்க முடியாது, ஆனால் வேறு ஊர் வெற்றிலைக் கட்டுக்கு ஆத்தூர்ப் பெயரை ஒட்ட முடியும்.

குறியீடு கிடைத்த பொருளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடாது என்பது பல விவசாயிகளுக்கும், உண்மையைச் சொன்னால் சில அலுவலர்களுக்குமே தெரியாமல் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவகம் வெளிநாட்டில் இல்லை, சென்னை கிண்டியில் இருக்கிறது. இந்தப் பதிவுக்கு முன்பு இருந்த 500 ரூபாய்க் கட்டணத்தை 2020-இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு டீயின் விலை. இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பதற்குக் காரணம் பணமல்ல. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, தான் இந்தப் பகுதியில் உற்பத்தி செய்கிறேன் என்பதற்கு எதைக் காட்டுவது என்று தெரியாததுதான். விடிலி நோட்டு இருந்தால் அதைக் காட்டலாம். பதிவு பெற்றவர் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடைக்கும்போது தன் பதிவு எண்ணையும் ஊரின் பெயரையும் எழுதட்டும். வாங்குபவர் அந்த எண்ணைக் கேட்டு வாங்கட்டும். கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போகட்டும்.

வட்டாரத்தில் வேலை பார்க்கும் வேளாண், தோட்டக்கலை அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டம் முழுக்க எண்ண வேண்டாம். உடன்குடி வட்டாரத்தில் ஒரே ஒரு ஊரை, நூறு மரத்துக்கு மேல் ஏறுகிற ஒரு ஊரை, இந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தையோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையோ கூட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளிகுளம் கல்லூரி மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வருகிற நாட்களில் மரத்துக்கு எண் எழுதும் வேலையை அவர்களோடு சேர்ந்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். பனை நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இருக்கும் பனையேறிகளின் பெயர்களும் அந்தச் சுற்றிலேயே கிடைத்துவிடும். வாரியப் பதிவையும் அப்போதே முடித்துக் கொடுத்தால் நோட்டு எழுத அவர்களை வற்புறுத்த வேண்டியிருக்காது.

நோட்டின் முதல் பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போட்ட மாதிரித் தாள் ஒன்றை அடுத்த வாரம் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம். வெட்டி எடுத்துப் பிரதி போட்டுக்கொள்ளலாம். இந்தப் பருவத்தில் எழுதி முடித்தவர்கள் ஆடி கழிந்ததும் தங்கள் ஊர்ப் பட்டியலை எங்களுக்கு அனுப்பினால், மரத்தின் எண்ணிக்கையும் கருப்பட்டியின் கிலோவுமாக அப்படியே அச்சிடுவோம்.